ஆண்கள் வார்டில் ஒரு அணைக்கட்டு

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு வியாதி உண்டு. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்துவிடும். மாதா கோவிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது வரும். துக்க வீட்டில் வரும். நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "நீ ஏன் இந்தப் படிப்புக்கு வர ஆசைப்படுகிறாய்?" என்று கனிவாகக் கேட்டார். கேட்ட அதே நொடியில் அவர் மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதன் பிறகும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

படிப்பை முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது எங்கள் ஊரான சேலத்திலேயே, ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் அறுவை வார்டில். அறுபதுகளின் தொடக்கம் அது. வார்டுக்கு முறைப்படி வேறு பெயர் இருந்தது. ஜனங்கள் "கல்லு வார்டு" என்றுதான் சொல்வார்கள். எங்கள் பெரிய டாக்டர் சிறுநீரகக் கல் எடுப்பதில் பேர்போனவர். ராசிபுரம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "இந்த ஊர் வெயிலும் கிணற்றுத் தண்ணியும் இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கும்" என்பார் டாக்டர்.

சிறுநீரக அறுவையில் கீறல் முதுகில் தொடங்கி, கடைசி விலா எலும்புக்குக் கீழே சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து முடியும். அந்தக் காலத்துக் கீறல் நீளமானது. தையல் ஆறும் வரை இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஆனால் இருமினால்தான் நுரையீரலில் சளி தங்காது என்பதால், இருமச் சொல்லிக் கொடுப்பதும் நாங்கள்தான். ஒரு தலையணையைக் கொடுத்து, காயத்தின் மேல் அழுத்திக் கட்டிக்கொண்டு இருமச் சொல்வோம். ஆகவே எங்கள் வார்டுக்குள் நுழைந்தால், பெரிய பெரிய ஆண்கள் வரிசையாகத் தலையணையைக் கட்டிப் பிடித்தபடி படுத்திருப்பதைப் பார்க்கலாம்.

வார்டின் தலைமை நர்ஸ் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நெடுநெடுவென்று உயரம், இடுப்பில் சாவிக் கொத்து. நாங்கள் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். முதல் நாளே என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீ படிச்ச எடத்துலேருந்து உன்னப் பத்தி எழுதி அனுப்பியிருக்காங்க. வேலையில சூட்டிகையாம். ஆனா கெக்கெபிக்கென்னு சிரிப்பியாமே?"

"இல்ல சிஸ்டர்" என்றேன். அதற்குள் உதடு துடித்துவிட்டது.

"இங்க ஒருத்தி சிரிச்சா, அதப் பாத்து வார்டே சிரிக்கும். வார்டு சிரிச்சா அத்தன பேருக்கும் தையல் இழுக்கும். பல்லக் காட்டாம வேல செய்யி."

எனக்கு இன்னொரு தொல்லை வார்த்தைகளால் வந்தது. எங்கள் வார்டில் நாள் முழுக்கப் பேசுவது சிறுநீரைப் பற்றித்தான். எவ்வளவு போனது, என்ன நிறம், எரிந்ததா, சொட்டியதா. படிப்பில் "யூரின்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்தவரிடம், "ஐயா, யூரின் போச்சா?" என்று கேட்டால், "அது எங்க போச்சோ தெரியலைங்களே" என்று கட்டிலுக்கு அடியில் தேடுவார். "சிறுநீர்" என்றால் யாருக்கும் புரியாது. ஆளுக்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள், அதையும் என் வயதுப் பெண்ணிடம் சொல்ல வெட்கப்பட்டார்கள். அறுவை ஆன ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "அது சுபமாக நடந்தேறியது" என்பார். அவர் கட்டிலுக்குப் போகும் முன் நான் வராந்தாவில் நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் பரிசல்காரர் வந்து சேர்ந்தார்.

ஜேடர்பாளையத்துக்காரர். காவிரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் பரிசல் தள்ளுகிறவர். வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். வெயிலில் கறுத்து மினுங்கும் தோள்கள். ஆனால் இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். பின்னால் அவர் மனைவி. அவருடைய தோள் உயரம்கூட இல்லை. குரல் மட்டும் அவருக்கு முன்னால் வந்தது.

"ஏனுங்க நர்சம்மா, கல்லு எடுக்கற எடம் இதுதானுங்களா?"

நான் பதில் சொல்லும் முன் பரிசல்காரர் வார்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "பாத்தாத் தெரியலையா புள்ள? அத்தன பேரும் தலகாணியக் கட்டிட்டுக் கெடக்கறாங்க. பொண்டாட்டியக் கொண்டார வேண்டாமுன்னு சொல்லியிருந்தா உன்னய ஊட்டுலயே உட்டுட்டு வந்திருப்பனே."

வார்டு வெடித்தது. பக்கத்துக் கட்டிலில் ராசிபுரத்து நெசவுக்காரர் ஒருவர், கல் எடுத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது, "ஐயோ, ஐயோ, சிரிக்க வெக்காதீங்க சாமி" என்று தலையணையோடு சுருண்டார். நான் மருந்து அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

பெரிய சிஸ்டர் வந்து பார்த்தார். பரிசல்காரரைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். "இது சரிப்படாது" என்று மட்டும் சொன்னார்.

நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது சிறுநீரகம் வெள்ளையாகத் தெளிவாகத் தெரிந்தது. இடது பக்கம் மருந்து போய்ச் சேரவே இல்லை. அங்கே கல் மட்டும் கிளை விட்டுக்கொண்டு நின்றது. கல் வருஷக்கணக்காக அடைத்து, அந்தச் சிறுநீரகம் சீழ்ப் பையாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும்.

அன்று பரிசல்காரர் வாய் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறு வந்தது, திரும்பிப் போனது. அவர் சிரிக்க வைக்கிறார் என்று அதுவரை முறையிட்டுக்கொண்டிருந்த நெசவுக்காரர், "ஏதாச்சும் பேசுங்களேன்" என்று கெஞ்சினார். வார்டே உம்மென்று ஆகிவிட்டது. எனக்கும் அன்று சிரிப்பு வரவில்லை.

பரிசல்காரரின் மனைவியைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், காய்கிற போர்வைகளுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்தார்.

"உள்ளுக்குள்ள இருக்கறத எடுத்துப்போட்டா மனுசன் பாதிதான் இருப்பானாமுங்க. ஆத்துல எறங்க முடியாதாமுங்க. பரிசல உட்டுட்டு அவுரு என்ன பண்ணுவாருங்க சாமி?"

"யாரு சொன்னா?"

"அவுரேதான் சொல்றாருங்க."

நான் படித்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன். அந்த இடது பக்கம் எப்போதோ வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இத்தனை நாள் அவர் பரிசல் தள்ளியது வலது பக்கத்துச் சிறுநீரகம் ஒன்றை வைத்துக்கொண்டுதான். கெட்டதை எடுத்துவிட்டால் நல்லது இன்னும் கொஞ்சம் பெரிதாகி, இரண்டின் வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வார்டுக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"ஏனுங்க, இங்க திரும்புங்க. அந்தப் பக்கத்துது செத்து வருசமாச்சுதாமா. இத்தன நாளும் ஒத்தையிலதான் ஓட்டியிருக்கறீங்க. பொணத்தச் சொமந்துட்டுப் பரிசல் தள்ளுனீங்க. எறக்கி வெச்சுட்டுத் தள்ளறதுக்கு என்னங்க நோவு?"

சுவரைப் பார்த்தபடியே பரிசல்காரர் சொன்னார்: "பரிசலுக்கும் ஒரே துடுப்புதான். சரி, எடுக்கச் சொல்லு."

நெசவுக்காரர் நிம்மதியாகத் தலையணையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அறுவை அன்று கையாள் பற்றாமல் என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார்கள். தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். முதுகுத்தண்டில் மயக்க ஊசி, அதற்கு மேல் ஈத்தர். டாக்டர் விலாவுக்குக் கீழே திறந்து, மெதுவாக, மிக மெதுவாக, ஒட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் பிரித்தெடுத்து, ரத்தக்குழாய்களைக் கட்டிவிட்டு, அந்தச் சிறுநீரகத்தை என் தட்டில் வைத்தார். கனமாக இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே அந்தக் கல். நான் உருண்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது நம் பக்கம் களத்தில் காய்கிற மஞ்சள் கிழங்கு போல விரல் விரலாகக் கிளைத்திருந்தது. நிறமும் ஏறக்குறைய அதேதான். முகமூடிக்குள் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

கல்லைக் கழுவி, பரிசல்காரரின் மனைவியிடம் காட்டச் சொன்னார் டாக்டர். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரய்யா, இத வெதச்சா மொளைக்குமுங்களா?"

டாக்டர் கை கழுவப் போய்விட்டார். குழாயடியில் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஆகவே எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பாட்டில் நாட்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பாட்டில், அதற்குள் ரப்பர்க் குழாய் வழியாக அவருடைய ஒற்றைச் சிறுநீரகம் அனுப்பி வைக்கிற நீர். என் கண் முழுக்க அந்தப் பாட்டிலில்தான். முதலில் சிவப்பாக வந்தது. பிறகு ரோஸ். பிறகு காபி டிகாஷனில் தண்ணீர் கலந்தாற்போல் ஒரு நிறம், அதைப் பார்த்து நான் பயந்துபோனேன். பிறகு ஒரு காலை, ஜன்னல் வழியே வெயில் விழுந்தபோது, பாட்டில் முழுக்கத் தெளிந்த வைக்கோல் நிறம். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வார்டுக்கே காட்டினேன். நெசவுக்காரர் பட்டு நூலைப் பார்க்கிற கண்ணோடு பார்த்து, "சுத்தமான நெறமுங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அரிசிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அப்பா ரயில்வேயில் வேலை. அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். என்னைப் பெண் பார்க்க யாரோ வரப்போவதாக அம்மா ஆரம்பித்தாள். நான் காதில் வாங்காமல், "அம்மா, நீ அந்த நிறத்தப் பாக்கணுமே! அவ்வளவு தெளிவு! மேலேருந்து பார்த்தா அடி தெரியுது!" என்றேன்.

"எதும்மா, சேலையா?" என்றாள் அம்மா ஆவலாக.

நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று சொன்னேன். அப்பா கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி மட்டும் வாயத் திறந்துடாதே" என்றாள். அப்பா பிறகு அதே கவளத்தைச் சாப்பிட்டார். ரயில்வேக்காரர், எதற்கும் அசையாதவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காயம் நன்றாக ஆறிவந்தது. டாக்டர் ஒரு காலை வந்து சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார். போகும்போது என்னிடமும் பெரிய சிஸ்டரிடமும் சொன்னார்: "சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள அவருக்குத் தானாப் போகணும். போகலைன்னா மறுபடி குழாய் போட வேண்டியதுதான். எனக்கு அதுல இஷ்டமில்ல. இருக்கறது ஒண்ணே ஒண்ணு. குழாய் வழியாக் கிருமி ஏறி அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம கையில வேற இல்ல."

பரிசல்காரருக்கு வரவில்லை.

பார்லிக் கஞ்சி கொடுத்தோம், இளநீர் கொடுத்தோம். உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தோம். கட்டிலில் உட்கார வைத்தோம். சுற்றிலும் துணித் திரை கட்டி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தோம். "வருது, வருது" என்பார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். "போயிருச்சு" என்பார். மத்தியானத்துக்குள் அடிவயிறு பானை போல உப்பிவிட்டது. தொட்டால் துடித்தார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. பேச்சு நின்றுபோயிற்று.

"தண்ணிக் குழாயத் திறந்து உடுடி" என்றார் பெரிய சிஸ்டர். "தண்ணி விழற சத்தம் கேட்டா சில பேருக்குத் தானா வந்துரும். நான் ஸ்டோருக்குப் போயிட்டு வந்துடறேன்."

நான் ஓடிப்போய் வார்டின் மூலையில் இருந்த குழாயைத் திறந்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு ஒரு எறும்பு வந்தது. அவ்வளவுதான். சேலத்தின் தண்ணீர்க் கஷ்டம் அந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வருகிற நாள் திருநாள். வார்டுக்கு வேண்டிய தண்ணீர் பெரிய அண்டாக்களில் பிடித்து மூடி வைத்திருக்கும். அண்டாவில் கை வைத்தால் பெரிய சிஸ்டர் கையை எடுத்துவிடுவார்.

அண்டாவைத் திறந்தேன். ஒரு சொம்பு மொண்டு திரைக்கு வெளியே நின்று, ஒரு பேசினுக்குள் மெல்ல ஊற்றினேன்.

திரைக்குள்ளிருந்து ஈனக் குரல் வந்தது: "அம்மிணி, அது ஆட்டுக்குட்டி போற சத்தமாட்ட இருக்குது."

உதட்டைக் கடித்துக்கொண்டு வாளியை நிரப்பி, வாளியிலிருந்து பேசினுக்கு ஊற்றினேன்.

"இப்ப?"

"எருமைங்க" என்றார்.

அவர் மனைவி திரையை விலக்கித் தலையை நீட்டினார். "நர்சம்மா, அவுரு எங்கூரு அணையில தண்ணி உழுகற சத்தத்துலயே பொறந்து வளந்தவருங்க. எங்கூட்டுல பேசறதுன்னாலே கத்தித்தான் பேசோணும். இந்தத் தண்ணியெல்லாம் அவுரு காதுல ஏறாதுங்க."

அணைதானே வேண்டும்? துணி நனைக்கும் தகரத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்து நடுவார்டில் போட்டேன். முக்காலி மேல் ஏறி நின்றேன். வார்டு வேலைக்காரர், மீசைக்கார மனிதர், அண்டாவிலிருந்து வாளி வாளியாக எடுத்து என்னிடம் நீட்டினார். நான் தலைக்கு மேல் தூக்கிக் கொட்டினேன். தகரத்தில் விழுந்த தண்ணீர் தடதடவென்று முழங்கியது. தொட்டியில் கொஞ்சம், தரையில் கொஞ்சம், என் சேலையில் கொஞ்சம். மறுபடி வாளி, மறுபடி முழக்கம்.

"நர்சம்மா" என்று நெசவுக்காரர் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "எனக்கு... எனக்குப் போகணுமுங்க. அவசரமுங்க."

"எனக்கும்" என்றது அடுத்த கட்டில்.

"அது சுபமாக நடந்தேறப் போகிறது, சீக்கிரம்!" என்று கத்தினார் வாத்தியார்.

வார்டு முழுக்கப் பற்றிக்கொண்டது. இந்த வரிசையும் அந்த வரிசையும் கை தூக்கின. மீசைக்காரர் வாளியைப் போட்டுவிட்டுச் சிறுநீர்ப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் ஓடினார். ஈரத் தரையில் வழுக்கினார், எழுந்தார், ஓடினார். முக்காலி மேல் நின்றுகொண்டிருந்த எனக்கு, அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமாக வந்தது. அடக்க வழியே இல்லை. கண்ணீர் வழிய, வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கட்டில்களில் அத்தனை பேரும் ஒரு கையில் தலையணையும் இன்னொரு கையில் பாத்திரமுமாக, "ஐயோ அம்மா" என்று வலியோடு சிரித்தார்கள்.

திரைக்குள்ளிருந்து அழுகைக் குரல் கேட்டது. "ஊருக்கே போகுது! எனக்கு மட்டும் வரலைங்களே சாமி!"

சிரிப்பு சட்டென்று நின்றது. முக்காலியிலிருந்து இறங்கினேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே பயமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டாக்டர் வந்துவிடுவார்.

அப்போது பரிசல்காரரின் மனைவி திரைக்கு வெளியே வந்தார். கணவனைக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து, வார்டின் மறுகோடிக்குப் போனார். அங்கே திரும்பி நின்று, இரண்டு கையையும் வாய்க்கு இருபுறமும் குவித்துக்கொண்டார். அக்கரையில் வந்து நிற்கிறவர்கள் பரிசலைக் கூப்பிடுவது போலவே, அடிவயிற்றிலிருந்து நீட்டிக் கூப்பிட்டார்.

"ஓ... பரிசலூ... ஓ...!"

எங்கோ ஒரு கூரையில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல்.

திரைக்குள்ளிருந்து, யோசிக்கவே நேரமில்லாமல், ஆற்றைத் தாண்டிப் போகிற குரலில் பதில் வந்தது:

"ஓ... வாரேன்...!"

அதோடு சேர்ந்து பாத்திரத்தில் சத்தம். முதலில் மெல்லியதாக. அடுத்து விட்டு விட்டு. பிறகு நிற்காமல். எனாமல் பாத்திரத்தில் அது விழுகிற ஓசையை வார்டு முழுக்க, பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது இருக்கிற மாதிரி, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு நொடியும் பயந்தேன். நிற்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. மீசைக்காரர் ஓடிப்போய் இன்னொரு பாத்திரத்தைத் திரைக்குள் நீட்டினார்.

முடிந்ததும் வாத்தியார்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும். திரைக்குள் பரிசல்காரர் விசும்பி விசும்பி அழுதார். அவர் மனைவி ஓடிவந்து, வழியில் என்னைக் கட்டிப் பிடித்து, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு உள்ளே போனார்.

நான் திரும்பினால், வாசலில் பெரிய சிஸ்டர்.

எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. அண்டாத் தண்ணீர் அவருடைய வெள்ளை ஷூக்களைச் சுற்றி ஓடி, வாசற்படி தாண்டி வராந்தாவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நடுவார்டில் கிடந்த தொட்டியைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். நடந்து வந்து, திரைக்குள் கையை நீட்டிப் பாத்திரங்களை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் பார்த்தார், அளவு பார்த்தார். பிறகு பாத்திரங்களை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவிக் கொத்து கலகலவென்று ஆடியது. முதுகு குலுங்கியது. சத்தமே இல்லாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது. "தரைய ஒத்தி எடுத்து, அந்தத் தண்ணிய வெளிய செடிக்கு ஊத்து. ஒரு சொட்டு வீணாப் போவக் கூடாது."

சாயங்காலம் டாக்டர் வந்தார். பரிசல்காரரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தார். "எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

அத்தனை பேரும் தலையணையைக் கட்டிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

"இயற்கையான முறையில, டாக்டர்" என்றார் பெரிய சிஸ்டர்.

அதற்குப் பிறகு பரிசல்காரருக்கு ஒரு குறையும் வரவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவும் வேண்டியிருக்கவில்லை. தையல் பிரித்தோம். காயம் சுத்தமாகச் சேர்ந்திருந்தது. கனம் தூக்கக் கூடாது, கொஞ்ச காலத்துக்குப் பரிசல் பக்கமே போகக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கணவனும் மனைவியும் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வார்டு அவ்வளவு அமைதியாக இருந்தது. யாருக்கும் தையல் இழுக்கவில்லை. யாருக்கும் அது பிடிக்கவும் இல்லை.

பரிசோதனைக்கு அவர்கள் வந்துபோன ஒவ்வொரு முறையும் எங்களை ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடி துடுப்புப் பிடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, பொங்கல் கழிந்த ஒரு நாள், நானும் பெரிய சிஸ்டரும் திருச்செங்கோடு வழியாகப் பஸ் பிடித்து ஜேடர்பாளையம் போனோம். பெரிய சிஸ்டர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

ஆறு தெளிந்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அணையில் தண்ணீர் விழுகிற சத்தம் ஊருக்குள் வரும்போதே கேட்டது. அதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பார்த்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பரிசல்காரர் கரையில் காத்திருந்தார். நிமிர்ந்து நின்றார், இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல். எங்களைப் பரிசலில் உட்கார வைத்தார். மனைவியும் ஏறிக்கொண்டார். அணையை விட்டு வெகு தூரம் மேலே, ஆழமில்லாத இடமாகப் பார்த்து, நடு ஆற்றுக்குக் கொண்டுபோனார்.

"ஒரு சுத்து உடட்டுங்களா சாமி?"

"வேணாம்யா" என்றார் பெரிய சிஸ்டர்.

அவர் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். பரிசல் சுற்றியது. இன்னொரு இழுப்பு. கரை ஓடியது, தென்னைகள் ஓடின, வானம் ஓடியது. "ஏய்! நிறுத்துய்யா! நிறுத்துடா டேய்!" என்று பெரிய சிஸ்டர் அலறினார். அடுத்த சுற்றில் அலறல் சிரிப்பாக மாறியது. இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்ப அவருக்குச் சுவர் கிடைக்கவில்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஆறு முழுக்கக் கேட்கச் சிரித்தார். "இன்னும், இன்னும்" என்று நான் கத்தினேன். பரிசல்காரரின் மனைவி எங்கள் இருவரையும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரையில் இறங்கியதும் நிற்க முடியவில்லை. தரை சுற்றியது. பெரிய சிஸ்டர் என் தோளைப் பிடித்தார், நான் அவருடையதைப் பிடித்தேன், இருவரும் சேர்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டோம்.

"சித்த நேரத்துல நின்னுருமுங்க" என்றார் பரிசல்காரர்.

அவர்கள் வீட்டில் ஆற்று மீனை வறுத்து வைத்திருந்தார்கள். பெரிய சிஸ்டர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோக மஞ்சளும் தேங்காயும் மடியில் கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது பெரிய சிஸ்டர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சேலையில் மீன் வாசனை. ஜன்னல் வழியே நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். திருச்செங்கோட்டு மலை தெரிந்தபோதும் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. லேசாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.